ஜாம்பி கதைக்கு அசையாத படம் போதும்

ஜாம்பி, அதாவது செத்த பிறகு எழுந்து வந்து மனுஷனைத் தின்கிற பிணம், என்றதும் எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகத்துக்கு வரும், அப்புறம் வெப் சீரிஸ், வீடியோ கேம். எனக்கு வருஷத்துக்கு வருஷம் வலுத்துக்கொண்டே போகிற எண்ணம் வேறு. இந்தக் கதையைச் சொல்ல மிகப் பொருத்தமான வடிவம் புகைப்படங்களை வரிசையாக அடுக்கிச் செய்த புத்தகம்தான். அதுவும் பெரிய பதிப்பகம் போடுகிற பளபள புத்தகம் இல்லை. நாலைந்து நண்பர்கள் கைக்காசு போட்டு, ஒரு கேமராவும் கொஞ்சம் ஒப்பனைச் சாமானும் வைத்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த தெருவிலும் வீட்டிலும் எடுத்து, தாங்களே அச்சடித்து விற்கிற புத்தகம்.

காரணம் சொல்கிறேன். சினிமாவில் ஒருவர் பிணமாகக் கிடந்தால் நம் கண் தன்னையறியாமல் அவர் நெஞ்சைத்தான் பார்க்கும், மூச்சு விடுகிறாரா என்று. புகைப்படத்தில் அந்த வழியே அடைபட்டுப் போகிறது. அங்கே உயிரோடு இருப்பவரும் அசையவில்லை, செத்தவரும் அசையவில்லை, செத்து எழுந்து வந்தவரும் அசையவில்லை. மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தால் யார் யார் என்று முகத்தை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜாம்பி கதையின் பயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தானே இருக்கிறது? எதிரே நிற்கிறவன் இன்னும் மனுஷன்தானா, இல்லையா? சினிமா அதற்கு இரண்டு நொடியில் பதில் சொல்லிவிடும், அவன் நடக்கிற நடையே காட்டிக்கொடுத்துவிடும். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புகிற வரைக்கும் பதில் கிடையாது, எப்போது திருப்புவது என்பதும் வாசிக்கிறவர் கையில் இருக்கிறது.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சாட்சி ஒரு சினிமாவில்தான் இருக்கிறது. 1968ல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. இன்றைக்கு நாம் பார்க்கிற ஜாம்பி கதை எல்லாவற்றுக்கும் தாய்வீடு அதுதான். அதன் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ‘இமேஜ் டென்’ என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கடைசியில் மொத்தச் செலவு 1,14,000 டாலர் அளவுக்குப் போனது, ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. பென்சில்வேனியாவில் எவன்ஸ் சிட்டி பக்கத்தில் இடிக்கப் போகிற ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். கருப்பு வெள்ளையில் எடுத்ததால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது. பணம் போட்டவர்களில் ஒருவர் கசாப்புக் கடைக்காரர், அதனால் குடலும் இறைச்சியும் வெளியே தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ‘கையில் இருப்பதை வைத்துச் செய்’ என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் முடிவைப் பற்றி. படம் பார்க்காதவர்கள் அடுத்த மூன்று நான்கு பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

கதாநாயகன் பென். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நடித்திருப்பார். ராத்திரி முழுவதும் அந்த வீட்டுக்குள் இருந்து போராடி, கூட இருந்த எல்லோரும் செத்த பிறகும் நிலவறைக்குள் ஒளிந்து உயிர் பிழைத்து, விடிந்ததும் வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டு மெதுவாக மேலே ஏறி ஜன்னல் பக்கம் வருகிறான். ஜாம்பிகளை வேட்டையாடிக்கொண்டு வருகிற ஷெரிஃப் (உள்ளூர் போலீஸ் தலைவர்) கூட்டம் அவனையும் ஜாம்பி என்று நினைத்து ஒரே குண்டில் நெற்றியில் சுட்டுவிடுகிறது. அந்த இடத்தோடு படம் நின்றுபோகிறது. நின்றுபோகிறது என்றால் நிஜமாகவே நின்றுபோகிறது. அதற்கப்புறம் வருகிறவை பெரும்பாலும் புகைப்படங்கள். செய்தித்தாளில் அச்சானது போலப் புள்ளி புள்ளியாக, கரகரவென்று இருக்கிற ஸ்டில்கள். எழுத்துகள் ஓட ஓட, வயர்லெஸ்ஸில் ஆட்கள் பேசிக்கொள்கிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கடைசிப் பகுதியை நான் ஒவ்வொரு படமாக நிறுத்தி, அச்செடுத்து, தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்திருக்கிறேன். சத்தம் இல்லாமல், திரை இல்லாமல், வெறும் தாளில். கையில் இறைச்சிக் கொக்கிகளோடு நிற்கிற ஆட்கள், மிகக் கிட்டத்தில் பென்னின் முகம், உடம்பைத் தூக்கிக்கொண்டு போவது, விறகுக் குவியல், மற்றப் பிணங்களோடு பிணமாக அவனையும் கிடத்துவது. படத்தில் பார்க்கும்போது இது சட்டென்று ஓடிவிடும். தாளில் ஓடுவதில்லை. தரையில் குனிந்து பார்க்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது பென்னின் முகமில்லை, அவனைச் சுற்றி நிற்கிறவர்களின் முகங்கள்தான். அவர்களில் யாருக்கும் கோபமோ வருத்தமோ இல்லை, காலையில் வேலைக்கு வந்தவர்கள் வேலையைப் பார்க்கிற முகம். அவ்வளவு நேரம் ஜாம்பிகளிடம் பார்த்த வெறுமை இப்போது மனிதர்களிடம் இருக்கிறது. அசைகிற படமாக இருந்திருந்தால் அவர்கள் திரும்புவார்கள், கண் சிமிட்டுவார்கள், காலை மாற்றி வைப்பார்கள், நமக்கு இவர்கள் உயிருள்ளவர்கள் என்று தெரிந்துகொண்டே இருக்கும். ஸ்டில் அந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொள்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்றபோது அந்த உடல்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவற்றை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றார்கள், உறவுக்காரர்களுக்கு அனுப்பினார்கள். 1908ல் தபாலில் அனுப்பக்கூடாது என்று தடை போடுகிற அளவுக்கு அது நடந்திருக்கிறது. அந்த அஞ்சலட்டைகளில் ஒன்றையாவது பார்த்த யாருக்கும் இந்த ஸ்டில்கள் எதை ஞாபகப்படுத்துகின்றன என்று விளக்கத் தேவையில்லை. பென் பாத்திரத்தைக் கறுப்பினத்தவர் என்று நினைத்து எழுதவில்லை, நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் ஜோன்ஸ்தான் சிறந்தவர், அதனால்தான் எடுத்தோம் என்று ரொமேரோ பல தடவை சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். 1968 ஏப்ரல் 4 அன்று கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட செய்தியை, முடித்த படத்தின் பிரதியை காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போகிற வழியில் ரேடியோவில் கேட்டதாகவும் அவரே சொன்னார். அக்டோபரில் படம் வெளியானபோது அந்த ஸ்டில்களுக்கு வேறு அர்த்தம் ஏறிவிட்டிருந்தது.

அந்தப் புகைப்படங்களை எடுத்தவர் யார் தெரியுமா? கார்ல் ஹார்ட்மேன். படத்தில் நிலவறைதான் பாதுகாப்பு என்று பிடிவாதம் பிடித்து பென்னோடு சண்டை போடுகிற ஹாரி கூப்பராக நடித்தவர். தயாரிப்பாளர்களில் ஒருவர், ஒப்பனையில் கை கொடுத்தவர், சத்தங்களும் அவர் வேலைதான். கதையில் பென்னின் குண்டுக்கு இரையாகிறவர், வெளியே வந்து கேமராவை எடுத்து பென்னின் பிணத்தைப் படம் பிடித்திருக்கிறார். சின்னக் குழுவில்தான் இப்படி நடக்கும்.

இன்னொரு விஷயம் சுயாதீனமாக எதையாவது செய்ய நினைக்கிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். படத்தின் பெயர் முதலில் ‘நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’ என்று இருந்தது. விநியோக நிறுவனம் பெயரை மாற்றியபோது, பழைய பெயர் அட்டையோடு இருந்த, காப்புரிமை யாருடையது என்று அறிவிக்கிற ஒரு வரி எழுத்தும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் காப்புரிமையே இல்லை. படம் வெளியான நாளிலிருந்தே அங்கே பொதுச் சொத்து. எடுத்தவர்களுக்கு இது பெரிய அநியாயம், எத்தனையோ பேர் அதை விற்றுச் சம்பாதித்தார்கள், இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அதனால்தான் அது ஊர் ஊராகப் பரவியது, செத்தவன் எழுந்து வந்து மனுஷனைத் தின்பான், தலையில் அடித்தால்தான் சாவான், கடிபட்டவனும் அப்படி ஆவான் என்கிற சட்டதிட்டமெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆளக்கூடிய பொதுச் சொத்தாக ஆனது.

சரி, புகைப்படக் கதைக்கு வருவோம். இது புதுசு இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947ல் இத்தாலியில் ‘ஃபோட்டோரொமான்ஸோ’ என்கிற புகைப்படக் கதைப் பத்திரிகைகள் கிளம்பின, முழுக்க முழுக்கக் காதல் கதைகள். சோஃபியா லாரன் சினிமாவில் பெரிய ஆளாவதற்கு முன்னால் சோஃபியா லாஸாரோ என்ற பெயரில் அவற்றில் நடித்திருக்கிறார். அதே இத்தாலியில் 1966ல் எலும்புக்கூடு உடை போட்டுக்கொண்டு கொலை செய்கிற ‘கில்லிங்’ வந்தான், வடிவம் அப்படியே இருக்க உள்ளே காதல் போய் ரத்தம் வந்தது. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது மெக்ஸிகோவின் சான்டோ. வெள்ளி முகமூடி போட்ட நிஜ மல்யுத்த வீரர். ஹோஸே ஹி. க்ரூஸ் என்பவர் 1952ல் ஆரம்பித்த காமிக்ஸில் அவரை வைத்துப் படம் எடுத்து, கத்தரித்து, வரைந்த பின்னணியில் ஒட்டி, பூதங்களோடும் அரக்கர்களோடும் மோதவிட்டார். கத்தரித்த ஓரம் கண்ணுக்குத் தெரியும், வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் இன்னொரு பக்கம். அந்த ஒட்டாத தன்மையே ஒரு கெட்ட கனவின் உணர்வைக் கொடுக்கிறது. இன்றைக்கு கம்ப்யூட்டரில் ஓரமே தெரியாமல் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிரான்ஸில் இயக்குநர் க்ரிஸ் மார்க்கர் 1962ல் எடுத்த ‘லா ஜெட்டே’ என்ற சினிமா சிலருக்குத் தெரிந்திருக்கும். 28 நிமிஷம், மூன்றாம் உலகப்போருக்குப் பின் நிலத்துக்கடியில் வாழ்கிற மனிதர்கள், எல்லாமே ஸ்டில்கள். அவரே அதைப் புகைப்படக் கதை என்றுதான் டைட்டிலில் போட்டார். நடுவில் ஒரே ஒரு இடத்தில், படுத்திருக்கிற பெண் கண்ணைத் திறந்து சிமிட்டுகிறாள், அது மட்டும் அசையும். உடம்பு சிலிர்த்துவிடும். உயிர் என்றால் என்னவென்று அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன, சுற்றிலும் எல்லாம் அசையாமல் இருப்பதால்தான் அது முடிகிறது.

நம்முடைய காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்த வடிவம் மேல் பெரிய பிரியம் கிடையாது. 1972ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த வாசிப்புப் பழக்கம், கோட்டோவியத்துக்குப் பழகிய கண். போட்டோவை ஒட்டி, பேச்சை எழுதுகிற பலூன் போட்டால் ஏதோ சோம்பேறித்தனம் என்று தோன்றிவிடுகிறது. பிரிட்டனிலும் அப்படித்தான், 1982ல் மறுபடி ஆரம்பித்த ‘ஈகிள்’ வாராந்தரி ரப்பர் முகமூடி வில்லனை வைத்து போட்டோ கதை போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வருஷமே ஓவியத்துக்குத் திரும்பியது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக் குழு ஒன்று ‘நைட் ஜீரோ’ என்று தங்கள் ஊர்த் தெருக்களிலேயே ஜாம்பி கதையைப் புகைப்படக் காமிக்ஸாகச் செய்தது. அப்படிப்பட்ட முயற்சிகள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஒரு ஓவியர் தனியாக உட்கார்ந்து ஊரை அழித்துவிட முடியும். புகைப்படக்காரருக்கு ஆட்கள் வேண்டும், இடம் வேண்டும், விடியற்காலையில் காலியாக இருக்கிற ஒரு தெரு வேண்டும்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, நானும் நண்பர்களும் எடுத்துப் பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பக்கம் திருப்புவது. தமிழ்ப் புத்தகத்தில் வலது பக்கத்தின் கடைசிப் படம்தான் கொக்கி. கதவு பாதி திறந்திருக்கிறது, யாரோ ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. அங்கே வலது பக்கம் முடிந்துவிட வேண்டும். திருப்பினால் இடது பக்கம், அதில் முகம். இதை எதிர்ப்பக்கத்திலேயே வைத்தால் போச்சு, கண் முதலில் அங்கே ஓடிவிடும். அதனால் படம் எடுப்பதற்கு முன்பே வெற்றுத் தாளை மடித்து, குட்டியாக ஒரு டம்மி புத்தகம் செய்து, எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று பென்சிலில் கிறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாள் மடிகிற இடத்தில் யாருடைய முகமும் விழக்கூடாது.

ரத்தம். கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்புக் கலர், கொஞ்சம் கோகோ பவுடர். கோகோ இல்லாவிட்டால் ரோஸ் மில்க் மாதிரி இருக்கும். காயத்துக்கு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து லிக்விட் லேடக்ஸ் (திரவ ரப்பர்) தடவி ஒட்டி, காய்ந்ததும் நடுவில் கிழித்துவிட்டால் தோல் பிய்ந்தது போலவே வரும். லேடக்ஸ் சிலருக்கு ஒவ்வாது, முதல் நாளே முழங்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். தலைக்கு நேர் மேலே ஒரு விளக்கை வைத்து முகத்தைக் கொஞ்சம் குனியச் சொன்னால் போதும், கண்குழி இரண்டும் இருட்டாகிவிடும். கண்ணே தெரியாத முகம் வெள்ளைக் கண்ணைவிட மோசமானது.

அப்புறம் ஷட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற கதவு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வேகத்தை 1/8 வினாடிக்கு இறக்கி, நடிக்கிறவரைத் தலையை ஆட்டாமல் கையை மட்டும் நம் பக்கம் நீட்டச் சொன்னால், முகம் கூர்மையாகவும் கை புகையாகவும் விழும். நாங்கள் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அப்படி வந்ததுதான். ஒரு பெண்மணி வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், சேலையில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, முகத்தில் ஒப்பனை இல்லை. கிரில்லுக்குள்ளிருந்து நீண்டு வருகிற கை மட்டும் கலைந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள், குடல் தொங்குகிற பக்கத்தில் இல்லை.

இது ரொம்ப முக்கியமானது. இந்த வகைப் புத்தகங்களை நாசமாக்குவது எல்லாப் பக்கத்திலும் ரத்தம் தெளிப்பது. சினிமாவில் ரத்தம் வந்து போய்விடும், புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும், மூன்றாவது பக்கத்தில் அது வெறும் கலராகிவிடும். அதற்குப் பதிலாகச் சாதாரணப் படங்களுக்கு நேரம் கொடுங்கள். சாப்பிட்டுப் பாதியில் விட்ட தட்டு, சார்ஜில் கிடக்கிற போன், கல்யாண ஆல்பம், பள்ளிக்கூட குரூப் போட்டோ. குரூப் போட்டோவை முதல் பக்கத்தில் வைத்துவிட்டால் அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு முகத்தையும் வாசகர் திரும்பப் போய்த் தேடுவார்.

பேச்சு பலூன் வேண்டாம் என்பது என் கட்சி. ஓவியத்தில் பலூனும் கோடுதான், முகமும் கோடுதான், ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். போட்டோவில் பலூன் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல மேலே மிதக்கிறது, அந்த அறைக்குள் நாம் இருக்கிறோம் என்ற எண்ணமே போய்விடுகிறது. எழுத்தைப் படத்துக்குக் கீழே வெள்ளை இடத்தில் போடுங்கள், குறைவாகப் போடுங்கள். இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் உண்டு, இத்தாலிக்காரர்கள் படத்துக்கு மேலேயே எழுதவில்லையா என்பார்கள். எழுதினார்கள்தான், ஆனால் அவை காதல் கதைகள், அங்கே அமைதி தேவைப்படவில்லை.

அச்சுக்குப் போகும்போது எல்லாப் படத்தையும் திரையில் தெரிவதைவிட ஒரு படி வெளிச்சமாக்கிக் கொடுங்கள். திரையில் அழகாகத் தெரிகிற இருட்டு சாதாரணத் தாளில் மை கொட்டியது போலாகிவிடும். கருப்பு வெள்ளை என்றால் செலவும் குறைவு, சர்க்கரைப் பாகும் காட்டிக்கொடுக்காது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு 32 பக்கம் தாராளம், டிஜிட்டல் பிரஸ்ஸில் 50 பிரதி போடலாம். வெளியே எடுக்கிற நாளில் பக்கத்து வீடுகளுக்கும் அந்த ஏரியா ஸ்டேஷனுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தம் பூசிய ஆள் காலை ஐந்து மணிக்குத் தெருவில் நின்றால் பால் வாங்க வருகிறவர் நிஜமாகவே பயந்துவிடுவார். நடித்த ஒவ்வொருவரிடமும் முகத்தை வெளியிடச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்தவர்கள் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.